பேய்மிரட்டி இலைத் திரி

பயப்படுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பால் பொங்கி வழிந்தாலும் பயம், பொங்காமல் இருந்தாலும் பயம். இப்படிப்பட்டவளை பாலக்காட்டுச் சீமையில் வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் ஒரு விவசாய வீட்டிலிருந்து பெயர்த்தெடுத்து, மூணாறில் ஒரு தேயிலை எஸ்டேட்டில் கொண்டுபோய் நட்டார்கள். எழுபதுகளின் நடுவில் அது. வீட்டுக்காரருக்கு டீ ஃபேக்டரியில் ஃபிட்டர் வேலை. தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை அங்கே லயம் என்பார்கள். அதில் கடைசி வீட்டுக்கு முந்தின வீடு எங்களுக்கு.

கடைசி வீட்டில் ஓர் அக்கா இருந்தாள். கொழுந்து எடுக்கப் போகிறவள். அவள் அப்பா காலத்தில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்த குடும்பம். பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி, அதற்கும் சின்னதாக ஒரு பையன். நான் வாயைத் திறந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு 'ங்க' வருவதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு அடங்காது. "ஏ தாயி, பூனையக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவியா?" என்பாள். எனக்கு ரோஷம் வரும். ஆனாலும் அவளை விட்டால் அந்தக் குளிரில் பேச்சுத்துணைக்கு எனக்கு ஆள் இல்லை.

கைக்குழந்தையாக இருந்த என் மகளுக்கு எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தபோது தை மாதப் பனி இறங்கியது. விடிந்தால் தேயிலைச் செடியின் தலையெல்லாம் உப்பைத் தூவினாற்போல வெள்ளை. அந்தக் குளிரில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டது. வயிறு பறைமாதிரி உப்பிக்கொண்டது. பால் குடித்தால் கக்கியது. எஸ்டேட் டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் ஒரு பாட்டில் சிவப்பு மருந்து கொடுத்தார். கொடுத்தோம். கேட்கவில்லை. எங்கள் ஊரில் இதை மாந்தம் என்பார்கள். மாந்தம் என்றால் பேய்மிரட்டி. அதற்கு மேல் யோசிக்கவே மாட்டார்கள்.

பேய்மிரட்டி எங்கள் பக்கம் வேலியோரத்தில், பள்ளத்தோரத்தில், காட்டு விளிம்பில், கேட்பாரில்லாமல் வளர்ந்து கிடக்கும். இலை நீளமாக, தடிப்பாக, கம்பளித் துணிபோல் மெத்தென்று இருக்கும். தண்டு உருண்டை இல்லை, நாலு பட்டை. ஊதாப் பூ. கோபித்துக்கொண்ட குழந்தை கீழுதட்டைப் பிதுக்குமே, அந்த மாதிரி ஓர் உதடு அதற்கு. துளசியும் தும்பையும் புதினாவும் இதற்குப் பங்காளிகள் என்று பின்னாளில் ஒரு புத்தகத்தில் படித்தேன். கசக்கினால் வருகிற காட்டமான வாசனைக்குப் பேய் மிரளுமோ இல்லையோ, மனுஷர் மிரளலாம். பிள்ளை பெற்ற வீட்டு வாசலில் ஒரு கொத்து செருகியிருப்பார்கள். மாந்தம் கண்ட குழந்தைக்கு இலையைக் கொதிக்க வைத்துச் சுண்டக் காய்ச்சி, பாலாடை என்கிற சின்னச் சங்கில் கொஞ்சமாகப் புகட்டுவார்கள். மிச்ச இலையைக் குளிக்கிற தண்ணீரில் போடுவார்கள்.

அம்மா எனக்குக் கட்டிக் கொடுத்தனுப்பிய காய்ந்த கட்டு கார்த்திகையிலேயே தீர்ந்துபோயிருந்தது. ஊருக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் பறித்து, பஸ்ஸில் யாரிடமாவது கொடுத்தனுப்பி, அது வந்து சேர்வதற்குள் என்ன ஆகுமோ என்று ஒரே அழுகை எனக்கு. அக்காவிடம் புலம்பினேன்.

"பேய்மிரட்டியா? இங்க சோலை ஓரத்துல, ஓடைக்கிட்ட கிடக்கே. எங்க பிள்ளைகளுக்கும் அதத்தான் குடுத்தோம். காலைல பறிச்சிட்டு வாரேன், நீ மூக்க உறிஞ்சாத" என்றாள்.

சொன்னபடி மறுநாள் விடிகிற கருக்கலிலேயே ஓர் அணைப்புத் தழை கொண்டுவந்தாள். முந்தானையெல்லாம் பனி ஈரம். பனிக்காகத் தலையையும் காதையும் சேர்த்து ஒரு கம்பளித் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தாள். எங்கள் அடுப்பிலேயே சட்டி வைத்துக் காய்ச்சினாள். வீட்டுக்காரர் அதற்கு முன்பே கிளம்பிப் போயிருந்தார். ஃபேக்டரியில் ஏதோ சக்கரம் உடைந்து, மாற்றுச் சாமான் வாங்க எஸ்டேட் ஜீப்பில் மூணாறு டவுனுக்குப் போகவேண்டி வந்தது. அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் விசாரித்து மருந்து வாங்கி வருவதாகச் சொல்லியிருந்தார்.

கஷாயம் ஆறியதும் குழந்தையை மடியில் போட்டு, மூக்கைப் பிடித்து, நானே புகட்டினேன். துப்பியது போக மூன்று பாலாடை உள்ளே போயிருக்கும். குழந்தை கொஞ்ச நேரம் கத்தியது. அப்புறம் கண் சொருகித் தூங்கிப்போனது. அதற்குள் வெளியே வெளிச்சம் வந்துவிட்டது. மீதிக் கொத்தை எடுத்து வைக்கலாம் என்று வாசல் பக்கம் கொண்டுபோனேன்.

அப்போதுதான் செடியைச் சரியாகப் பார்த்தேன்.

தண்டு நாலு பட்டைதான். வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் இலை? எங்கள் ஊர் இலை நீளம், இது அகலம். அது தடிப்பு, இது மெல்லிசு. அந்தக் கம்பளி மெத்து இதில் இல்லை, சும்மா பேருக்குக் கொஞ்சம் ரோமம். பூவும் சின்னது, ஊதா கூட இல்லை, வெளிறின ரோஸ். வேறு ஏதோ ஒரு காட்டுச் செடிக்கு இவர்கள் இங்கே பேய்மிரட்டி என்று பேர் வைத்திருந்தால்?

"அக்கா, இது எங்கூரு பேய்மிரட்டி இல்லீங்க."

"மலைக்கு மலை செடி மாறாதா? நீ குட்டையா இருக்க, நான் நெட்டையா இருக்கேன். ரெண்டு பேரும் பொம்பளைதானே?"

அவள் விளையாட்டாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் ஒருதரம் யாரோ பறித்துக் கொடுத்த தழையைக் காய்ச்சிப் புகட்டி, எங்கள் கன்றுக்குட்டி ஒன்று நுரை தள்ளிச் செத்தது. அதன் கண் கடைசியில் எப்படி நிலைகுத்தி நின்றது என்பது எனக்குத் தெரியும். அன்றைக்குப் பிறகு அப்பா யாரையும் நம்பமாட்டார். வேலந்தாவளம் சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குகிற மனுஷர், பக்கத்தில் பச்சிலை விற்கிற பெண்களிடமும் அதே கறார்தான். பேய்மிரட்டிக் கட்டு வாங்கி வந்தால், முதலில் ஒரு பச்சை இலையைத் திரியாக முறுக்கி எண்ணெயில் தோய்த்து விளக்கில் போட்டுக் கொளுத்துவார். நிஜமான பேய்மிரட்டி இலை பச்சையாகவே பஞ்சுத் திரிமாதிரி நின்று எரியும். வேறு இலையானால் சடசடவென்று பொரிந்து அணைந்துவிடும். அணைந்தால் மொத்தக் கட்டும் வேலிக்கு வெளியே போகும்.

அது ஞாபகம் வந்ததும் ஓடிப்போய் சாமி விளக்கை எடுத்தேன். இலையைக் கிள்ளி முறுக்கினேன். விளக்கில் அழுத்திவைத்து, தீக்குச்சி கிழித்துக் காட்டினேன். நுனி கருகியது. புகைந்தது. அணைந்தது. இன்னோர் இலை. அதுவும் அப்படியே. மூன்றாவது, பற்றிக்கொள்வதுபோல ஒரு நொடி நீலமாக மினுங்கிவிட்டுச் செத்தது.

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. வாய் என்னென்ன பேசியது என்று முழுக்கச் சொல்ல முடியாது. "எங்குழந்தைய என்ன பண்ணிப்போட்டீங்க? விஷத்தக் காய்ச்சி எங்கையாலயே குடுக்க வெச்சுட்டீங்களே!" என்று கத்தியது மட்டும் காதில் இருக்கிறது. அந்தக் கத்தலுக்குக்கூடக் குழந்தை விழிக்கவில்லை. உள்ளங்காலைச் சுரண்டினேன். கால் விரல் லேசாக மடங்கியது, அவ்வளவுதான். எந்தச் சத்தத்துக்கும் திடுக்கிட்டு வீறிடுகிற பிள்ளை அது, என் பிள்ளை இல்லையா.

பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆளெடுத்து வேலைக்கு அனுப்பும் இடத்துக்கு, நேரமாகியிருந்தது. அக்கா என்னை ஒருமுறை பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். விறுவிறு என்று வெளியே போய்விட்டாள்.

போய்விட்டாளே என்று எனக்கு இன்னும் ஆங்காரம் வந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே ஓடுவது? ஜீப் டவுனில் இருக்கிறது. கம்பவுண்டர் அடுத்த டிவிஷனுக்குப் போகிற நாள் அது. மத்தியானத்துக்கு மேல்தான் பஸ். வெளியே உறைபனி இன்னும் இளகவில்லை. மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடந்தேன். ஊரிலுள்ள எல்லா சாமியையும் கூப்பிட்டேன். எந்தச் சாமிக்கு என்ன நேர்ந்துகொண்டேன் என்பது எனக்கே குழப்பமாகி, அது தெய்வக் குற்றம் ஆகுமோ என்று அதற்கும் சேர்த்துப் பயந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா திரும்பி வந்தாள். நேராக அடுப்படிக்குப் போனாள். சட்டியில் குழந்தைக்கு எடுத்தது போக அப்படியே இருந்த கஷாயத்தை, இரண்டு கையாலும் சட்டியோடு தூக்கி வாயில் சரித்தாள். தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே தவிர, பிடித்து நிறுத்தக்கூட எனக்குத் தோன்றவில்லை. அடியில் கிடந்த இலையைப் பிழிந்து அதையும் குடித்தாள். சட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுப்புக்கு முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"இந்தா, ரெண்டு பேரும் குடிச்சாச்சு. உன் பிள்ள குடிச்சது மூணு பாலாடை, நான் குடிச்சது ஒரு சட்டி. விஷம்னா எனக்குத்தான் மொத வரும். என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இரு. எனக்கு ஒண்ணும் ஆகலைன்னா உன் பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாது."

"அக்கா, எதுக்குங்க இப்பிடிப் பண்ணுனீங்க?" என்றேன்.

"வேற என்னத்தச் சொன்னா நீ நம்புவ?" என்றாள். கோபம் இல்லை. கேள்வியாகத்தான் கேட்டாள்.

அதுவரை ஓர் உயிருக்குப் பயந்துகொண்டிருந்தவள் இரண்டு உயிருக்குப் பயப்பட ஆரம்பித்தேன். குழந்தையை மார்போடு அணைத்து அதன் மூச்சு கழுத்தில் படுகிறதா என்று பார்ப்பேன். உடனே தலையைத் தூக்கி அக்காவின் முகத்தைப் பார்ப்பேன். கண் சிவந்திருக்கிறதா? அடுப்புப் புகையால் இருக்கும். வியர்க்கிறதா? நெருப்புப் பக்கம் உட்கார்ந்தால் வியர்க்காதா? ஒருமுறை அவள் ஏப்பம் விட்டாள். நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"ஏப்பந்தான் தாயி. கஷாயம் வயித்துல வேலை செய்யுதுன்னு அர்த்தம். உக்காரு" என்றாள்.

இன்னொரு முறை கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்தாள். "அக்கா! அக்கா!" என்று தோளைப் பிடித்து உலுக்கினேன். "கண்ண மூடக்கூட விடமாட்டியா? ராத்திரி முழுக்க உன் பிள்ள அழுத அழுகைல நான் எங்க தூங்குனேன்" என்றாள். அதற்கப்புறம் எனக்காகவே கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டாள். நடுநடுவே எழுந்து கதவிடுக்கால் ரோட்டைப் பார்ப்பேன். ஜீப் இல்லை. பனி இளகி ஓட்டிலிருந்து சொட்டும் சத்தம் கேட்கும். எந்த நேரமும் எதையாவது பேசுகிறவள் அன்றைக்குப் பேச்சைக் குறைத்தே வைத்திருந்தாள். அதையும் நான் விஷத்தின் கணக்கில்தான் சேர்த்தேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

குழந்தைக்கு விறகு சூடு படட்டும் என்று அடுப்பு அணையாமல் பார்த்துக்கொண்டோம். காலையில் நான் போட்டது போட்டபடி அந்தச் சாமி விளக்கு அடுப்புத் திண்டின்மேல் கிடந்தது. விறகைத் தள்ளப்போன அக்கா அதைப் பார்த்துக் கையில் எடுத்தாள். சாய்த்துப் பார்த்தாள்.

"ஏ தாயி, இது என்ன எண்ணெய்?"

"தேங்காண்ணெய்ங்க."

"காலைல நீ கொளுத்துனப்ப இது இளகியிருந்துச்சா, கட்டியா இருந்துச்சா?"

எங்கள் அப்பா வீட்டில் விளக்குக்கு ஊற்றுவது விளக்கெண்ணெய். அது எந்தக் குளிருக்கும் உறையாது. பாலக்காட்டுக் குளிர் ஒரு குளிரா? மூணாறு வந்தபிறகு தேங்காயெண்ணெய்தான். தை மாதத்தில் அது மெழுகுபோல இறுகிக் கிடக்கும். தினமும் சாயங்காலம் விளக்கை அடுப்புப் பக்கம் வைத்து இளக்கி, அப்புறம்தான் திரி போட்டு ஏற்றுவேன். தினமும் செய்கிற வேலை. அந்தக் காலையில் மட்டும் வெள்ளைக் கட்டிக்குள் பச்சை இலையைச் செருகிவைத்துக் கொளுத்தியிருக்கிறேன். எண்ணெய் ஏறாத திரி எப்படி எரியும்? பஞ்சைப் போட்டிருந்தாலும் அணைந்துதான் இருக்கும்.

"இப்ப தண்ணியா நிக்கு. இப்பக் கொளுத்திப் பாரு" என்று விளக்கை நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. இப்போது கொளுத்தி, அது அணைந்துபோனால்? காலையிலாவது எண்ணெய் கட்டியாக இருந்தது என்று ஒரு சாக்கு இருக்கிறது. இப்போது அணைந்தால் அந்தச் சாக்கும் போய்விடும். தெரியாமலே இருப்பதில் ஒரு சொட்டு நம்பிக்கையாவது மிச்சம் இருக்குமே என்று பட்டது. "வேண்டாங்க அக்கா" என்றேன். "எனக்குத் தெரிஞ்சாகணும்" என்றாள் அவள். உனக்கு என்று சொல்லவில்லை, எனக்கு என்றுதான் சொன்னாள். அந்த நேரத்தில் எனக்கு அது உறைக்கவில்லை.

அவளே ஓர் இலையை எடுத்து உள்ளங்கையில் வைத்து முறுக்கினாள். எண்ணெயில் முக்கிப் புரட்டி, நுனியை விளக்கின் மூக்கில் இழுத்துவிட்டு, அடுப்பிலிருந்து ஒரு சுள்ளியை எடுத்துக் காட்டினாள். நுனி பொரிந்தது. எண்ணெய் சடசடத்தது. நான் குழந்தையின் தலைக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டேன்.

"பாரு" என்றாள்.

பார்த்தேன். சுடர் நின்றது. கொஞ்சம் சிவப்பாக, கொஞ்சம் புகையோடு, ஆனால் அசையாமல் நின்றது. இலை கருகி உதிரவில்லை. எங்கள் ஊர்ச் செடியின் அக்காளோ தங்கையோ, எதுவோ ஒன்று. அது எரிந்தது.

ஓர் இலை திரியாக எரிந்தால் அது எரியும் என்பது மட்டும்தான் நிரூபணம், விஷமா இல்லையா என்பதற்கு அதில் என்ன சாட்சி என்று இன்றைக்கு யாரும் கேட்கலாம். நானே கேட்பேன். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் அந்தச் சுடரைப் பார்த்துக்கொண்டு, டாக்டரே நேரில் வந்து சொல்லிவிட்டதுபோல உட்கார்ந்திருந்தோம். நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று தெரிந்தே, நிறுத்தாமல் அழுதேன்.

குழந்தை மத்தியானத்துக்கு மேல் வியர்த்து நனைந்து விழித்தது. சிணுங்கியது. துணியெல்லாம் பாழாக்கியது. வயிறு தட்டையாகியிருந்தது. பாலுக்கு முட்டியது. அதன் நெற்றி என் நெற்றியைவிடக் குளிர்ந்திருந்தது. அக்கா வெந்நீர் விளாவித் தந்தாள். துணியை அலசினாள். ஒரு நாள் பெரட்டும் கொழுந்தும் போன பேச்சை அவள் எடுக்கவே இல்லை. நான் சொன்ன சொல்லையும் எடுக்கவில்லை. "இனிமே பாலாடையில மருந்து குடுக்குறதுன்னா என்னையக் கூப்பிடாத தாயி, வயித்துல எடமில்ல" என்று மட்டும் சொல்லிச் சிரித்தாள்.

குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு அக்காவின் மகள் வந்தாள். அம்மா எங்கள் வீட்டில் இருக்கும் சத்தம் கேட்டு நேராக இங்கேயே வந்து வாசலில் நின்றாள். தோளில் பை, கன்னத்தில் குளிர் வெடிப்பு. காதில் மட்டும் என்னமோ மின்னியது. பெரியவர்கள் போடுகிற சிவப்புக்கல் கம்மல். அந்தச் சின்னக் காது மடலுக்குப் பாரமாகிக் கீழே இழுத்துக்கொண்டு கிடந்தது.

"அம்மா, டீச்சரெல்லாம் கேட்டாங்க. இது யாரு கம்மல்னு. நீ காலைல வந்து போட்டுவிட்டியே, இது எனக்கேதானா, இல்ல சாயந்தரம் கழட்டித் தந்துரணுமா?"

நான் அக்காவைப் பார்த்தேன். காலையிலிருந்து தலையையும் காதையும் மூடிக் கட்டியிருந்த அந்தத் துண்டு, வேலை செய்ததில் நெகிழ்ந்து கழுத்துக்கு இறங்கியிருந்தது. அவளுடைய இரண்டு காதும் மூளியாக இருந்தன. காலையில் நான் கத்தி அவள் வெளியே போனாளே, சட்டியைத் தூக்க அவள் திரும்பி வருவதற்குள் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில் கழற்றியது.

"தம்பியப் பாத்துக்கன்னும் சொன்ன. நான் பால் சோறு ஊட்டிட்டுத்தான் போனேன்" என்றாள் அந்தப் பெண், நல்ல பேர் வாங்குகிற குரலில்.

"கழட்டு. கழட்டிக் குடு" என்றாள் அக்கா. குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. மகளைப் பக்கத்தில் இழுத்து, காதுக்குப் பின்னால் விரலை விட்டுத் திருகாணியைத் திருகப் பார்த்தாள். முடியவில்லை. சட்டியை ஆடாமல் தூக்கிக் குடித்த கை, சுள்ளியை ஆடாமல் பிடித்த கை, இப்போது கிடுகிடுவென்று நடுங்கியது. அந்தப் பிள்ளை "வலிக்கும்மா" என்றது. நான் குழந்தையைப் பாயில் விட்டுவிட்டு எழுந்துபோய், இரண்டு திருகாணியையும் கழற்றி, அக்காவின் காதில் நானே போட்டுவிட்டேன்.